இட்டாலி கடையில் பரிமாறியவர்

நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்னு கேட்டியேம்மா, சொல்றேன் கேளு. மாபலிபுரத்துல இந்த பஸ்ஸை விட்டு இறங்கினதும் எந்த ஆட்டோக்காரர் கிட்ட வேணும்னாலும் இட்டாலி கடைன்னு சொல்லு, கொண்டு போய் விட்டுடுவாரு. போர்டுல வேற என்னவோ பேரு எழுதியிருக்கும், அது யாரு வாயிலயும் நுழையல. கடற்கரைக்குப் போற சந்துல மாடியில இருக்குது. நீலமேகம்னு உள்ளூர்க்காரருதான் நடத்துறாரு. கப்பல்ல சமையல்காரரா இருந்து, இட்டாலியிலயும் கொஞ்ச வருஷம் வேலை பார்த்துட்டு வந்தவரு. பச்சை சாஸ் போட்ட பாஸ்தா வேணும்னு கேளு. நம்ம திருநீத்துப்பச்சிலை இருக்குல்ல, அதோட சொந்தக்கார இலை ஒண்ணு. அதை அரைச்சு ஊத்துறாரு. முதல் தடவை வாயில வெச்சப்ப, என்னடா இது, சாமிக்குப் போடற இலைய எண்ணெயில குழைச்சுத் திங்கிறோமேன்னு பயந்தே போயிட்டேன். அப்பறம் அதுக்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

பொய் சொல்லக் கூடாது. அதுக்காக மட்டும் இல்ல.

எம் பேரு குமுதவல்லி. தாலுகா ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவ. செங்கல்பட்டுல வீடு. வீட்டுக்காரர் போயி ஏழு வருஷம் ஆச்சு. கீழ் வீட்ல நான், மாடியில என் நாத்தனார் பூங்கோதை, அவ பையன் இனியன், அவன் பொண்டாட்டி. இனியன் என்னை அத்தை அத்தைன்னு சுத்திச் சுத்தி வருவான். ஒரு கெட்ட பேரு கிடையாது எங்க குடும்பத்துக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன்.

போன வருஷம் பேங்க்ல ஒரு க்யூ. பென்ஷன் வாங்கறவங்க உயிரோடதான் இருக்கோம்னு வருஷா வருஷம் நேர்ல போயி கையெழுத்துப் போடணும்ல, அந்த க்யூ. ஃபேன் ஓடல. எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னுட்டிருந்தாரு. வெள்ளை அரைக்கை சட்டை, கறுப்பு பேண்ட். திரும்பிப் பாத்து, "மேடம், நீங்க முன்னாடி போங்க. நான் உயிரோட இருக்கேனான்னு எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருக்கு, யோசிச்சிட்டு வர்றேன்"னாரு. நான் சிரிச்சிட்டேன். சத்தமா. க்யூவே திரும்பிப் பாத்துச்சி. நான் அப்படி சிரிக்கறவ இல்லம்மா.

ஞானாதிக்கம்னு பேரு. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. லைட்ஹவுஸ்ல வேலை பார்த்தவரு, கன்னியாகுமரியிலேர்ந்து இந்தப் பக்கம் வரைக்கும் கடலோரமாவே காலம் ஓடிடுச்சி. சம்சாரம் இல்ல, போயி ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு, அதுவும் வெளிநாட்டுல. திருக்கழுக்குன்றத்துல ஒரு வாடகை வீடு, தானே கஞ்சி வெச்சு தானே குடிச்சிட்டு இருந்தாரு. எம் பேரைக் கேட்டுட்டு, "குமுதவல்லி"ன்னு முழுசா ஒரு தடவை சொல்லிப் பாத்தாரு. எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமும் "இந்தா"ன்னுதான் கூப்பிட்டாரு. தப்பு இல்ல, அந்தக் காலத்து மனுஷன். பேரு முழுசா காதுல விழுந்து எத்தனையோ காலம் ஆச்சு, அதைச் சொல்றேன்.

அந்தக் கடைக்குப் போலாம்னு சொன்னது நான்தான், அவரு இல்ல. செங்கல்பட்டு ஆளுங்க யாரும் அங்க வரமாட்டாங்கன்னு ஒரு கணக்கு. நம்ம சனம் மாபலிபுரம் போனா கல்லைப் பாக்கும், கடல்ல கால் நனைக்கும், மாங்காய் வாங்கித் திங்கும், வீட்டுக்கு வந்துடும். வெள்ளைக்காரங்க சாப்பிடற எடத்துல யாரு வந்து நம்மளைப் பாக்கப் போறாங்க? வியாழக்கிழமை ஆனா நான் இந்த பஸ்ல ஏறுவேன், அவரு திருக்கழுக்குன்றத்துல ஏறுவாரு. ஏறினா பக்கத்துல உக்கார மாட்டாரு, நான் சொல்லி வெச்சிருந்தேன். முன்னாடி எங்கயாவது உக்காருவாரு. கடை மாடிப்படி ஏறினப்பறம்தான் பேச்சு. பூங்கோதை கிட்ட, குரு பகவானுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன், கோயிலுக்குப் போறேன்னு சொல்லியிருந்தேன். வரும்போது விபூதி வாங்கிட்டுப் போயி குடுப்பேன். அவ கண்ண மூடி நெத்தியில பூசிக்குவா. அப்பல்லாம் இனிமே போகக் கூடாதுன்னு நெனச்சுக்குவேன். ஆனா அடுத்த வியாழக்கிழமை காலையில எழுந்ததும் அந்த நெனப்பு எங்க போச்சுன்னே தெரியாது.

அங்க நாங்க என்ன செஞ்சோம்னு நெனைக்கிற? சாப்பிட்டோம், பேசினோம், அவ்வளவுதான். முள்கரண்டியில பாஸ்தாவ எப்படிச் சுத்தறதுன்னு நீலமேகம் காட்டிக் குடுத்தாரு. எனக்கு வந்துடுச்சி, அவருக்குக் கடைசி வரைக்கும் வரல. சுத்திச் சுத்தி, வாய் கிட்ட வரும்போது வழுக்கி விழுந்துடும். "கையால சாப்பிடுங்க, யாரு பாக்கப் போறா"ன்னு சொல்லுவேன். "நீங்க பாக்கறீங்களே"ம்பாரு. அவ்வளவுதாம்மா. அதுக்குப் போயி இவ்வளவு பயமான்னு இப்பத் தோணுது. அப்ப பயந்தேன்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடேன், வெயில் மூஞ்சியில அடிக்குது. ஆங், போதும்.

ஆடி மாசம். ஒரு வியாழக்கிழமை, அப்பத்தான் போயி உக்காந்தோம். தட்டு கூட வரல. அவரு மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு, மெனு கார்டைக் கையில வெச்சு, புதுசா ஏதாவது சாப்பிடலாமான்னு படிச்சிட்டிருந்தாரு. மாடிப்படியில பேச்சுக் குரல். பூங்கோதை குரல். இனியனுக்கு ஆபீஸ் லீவு போல, புதுப் பொண்டாட்டியையும் அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கான். அவன் பொண்டாட்டி செல்போன்ல பாத்து இந்தக் கடைதான் வேணும்னு சொல்லியிருக்கா. இந்தக் காலத்துப் பசங்க கணக்குல வேற ஊரே இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

"அண்ணி! நீங்க எங்க இங்க?"ன்னு பூங்கோதை கேட்டா.

என் வாய் தானாப் பேசுச்சி. பழைய ஆபீஸ் சிநேகிதி சாப்பிடக் கூப்பிட்டா, கோயிலேர்ந்து நேரா இங்க வந்தேன், அவளுக்கு உடம்பு சரியில்லையாம், வரலையாம்னு அடுக்கினேன். அவ கண்ணு அவர் மேல போச்சு. யாருன்னு அவ கேக்கவே இல்லம்மா. அதைத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். கேக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன், "இவரு இந்தக் கடையில இருக்கறவரு, ஆர்டர் எடுக்க வந்தாரு"ன்னு.

அவரு எதிர் நாற்காலியில உக்காந்திருக்காரு. உடம்புல அதே வெள்ளை சட்டை, கறுப்பு பேண்ட், கையில மெனு கார்டு. ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாரு. கோபமா இல்ல. ஏதோ கேட்டது சரியாக் காதுல விழாத மாதிரி பாத்தாரு. அப்பறம் எழுந்து, நாற்காலிய இழுத்து விட்டு, "வாங்கம்மா, உக்காருங்க"ன்னாரு.

நீலமேகம் சமையல்கட்டு வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தாரு. இவரு அவரைப் பாத்து லேசாத் தலைய அசைச்சாரு. நீலமேகம் ஒரு டிரேயை எடுத்து இவர் கையில குடுத்துட்டாரு.

எல்லாத்தையும் இவரு கொண்டாந்து வெச்சாரும்மா. தண்ணி, தட்டு, முள்கரண்டி. இனியன் "பெரியவரே, பீட்சாவுல காரம் தூக்கலா போடச் சொல்லுங்க"ன்னான். அவன் மரியாதையாத்தான் பேசினான். பூங்கோதைதான், "ஏம்பா, தண்ணி எவ்வளவு நேரம்?"னு கேட்டா. ஏதோ ஒண்ணு மாத்திக் கொண்டாந்துட்டாரு, இவருக்கு அந்தப் பேரெல்லாம் எங்க தெரியும்? "வயசான காலத்துல வீட்ல இருக்க வேண்டியதுதானே, கை இப்படி நடுங்குது"ன்னு பூங்கோதை என்கிட்ட மெதுவாத்தான் சொன்னா. மெதுவான்னா, அவருக்குக் கேக்கற அளவுக்கு மெதுவா.

நான் ஏதாவது சொல்லியிருக்கணும்ல? சொன்னேன். "சீக்கிரம் கொண்டாங்க, பசிக்குது"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காத. சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு. அவருக்காகவும்தானே பாத்தேன்? அவரு மட்டும் நாலு பேர் வாயில விழணுமா? அப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்.

சாப்பிட்டு முடிச்சதும் இனியன் செல்போனை அவர் கையில குடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். நாங்க நாலு பேரும் ஒட்டி உக்காந்தோம். அவரு ரெண்டு எட்டு பின்னாடி போயி, ஒரு கண்ணை மூடிப் பாத்து எடுத்தாரு. அன்னிக்கே குடும்ப குரூப்ல போட்டுட்டான் இனியன். "அண்ணி, எவ்வளவு அழகா இருக்கீங்க, அண்ணன் போனப்பறம் இப்படி ஒரு சிரிப்பு நான் பாத்ததே இல்ல"ன்னு பூங்கோதை சொன்னா. சிரிச்சிருக்கேன்தான். போட்டோ எடுக்கறவரைப் பாத்து சிரிச்சிருக்கேன்.

அவங்க கார்லயே நானும் வீட்டுக்கு வந்துட்டேன். திரும்பிக் கூடப் பாக்கல. மறுநாள் காலையில போன் போட்டேன். எடுத்தாரு. மன்னிச்சிடுங்க, வேற வழி தெரியலன்னு அழுதேன். "அட, விடுங்க. பரிமாறறது ஒண்ணும் கேவலமில்லையே, எங்க சர்ச் திருவிழாவுல எத்தனை பேருக்குப் பரிமாறியிருக்கேன்"னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சி. அப்பறம் சொன்னாரு, "ஒண்ணு மட்டும் மனசுல நின்னுடுச்சிங்க. இத்தனை மாசமா நீங்க மாடிப்படியப் பாத்துப் பாத்துத்தான் சாப்பிடுவீங்க. நேத்து நான் சர்வர் ஆனப்பறம்தான் நிம்மதியா சாப்பிட்டீங்க."

போனை வெச்சுட்டாரு.

அடுத்த வியாழக்கிழமை அவரு பஸ்ல ஏறல. அதுக்கடுத்ததும் ஏறல. நான் போனேன். நீலமேகம் பழக்கத்துல ரெண்டு தட்டு வெச்சாரு. அப்பறம் ஒரு தட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு. என்கிட்ட அவரு முகம் குடுத்துப் பேசல.

இதோட போயிருந்தா பரவாயில்ல. பொம்பளை மனசுல வெச்சுப் புழுங்கிட்டுச் செத்துப் போயிருப்பேன். இனியன் ஆபீஸ் பசங்களோட மறுபடியும் அங்க போயிருக்கான். அந்தப் பெரியவரு எங்கன்னு விசாரிச்சிருக்கான், நல்லாப் பரிமாறினாருன்னு. நீலமேகம் எவ்வளவு நாள்தான் அடக்கி வெப்பாரு? "தம்பி, அவரு இங்க வேலை செய்யறவரு இல்ல. வாராவாரம் உங்க அத்தையோட வந்து சாப்பிடறவரு"ன்னு போட்டு உடைச்சிட்டாரு.

அன்னிக்கு சாயந்தரம் பூங்கோதை மாடியிலேர்ந்து இறங்கி வந்தா. நான் கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தேன். எதிர்ல தரையில உக்காந்தா. எனக்குத் தெரிஞ்சிடுச்சி. மானம் போச்சு, அண்ணன் பேரு போச்சுன்னு கத்தப் போறான்னு கல்லாட்டம் உக்காந்திருந்தேன்.

"அண்ணி, சாப்பிட உக்காந்த மனுஷனை எழுப்பி, எங்களுக்கு எச்சித் தட்டு எடுக்க வெச்சீங்களா?"ன்னா.

நான் கையில இருந்த கீரைத்தண்டைக் கிள்ளிக்கிட்டே இருந்தேன்.

"நான் அவரை வா போன்னு பேசினேன். கை நடுங்குதுன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டிருந்தீங்க. என்னைப் பாவியாக்கிட்டீங்களே அண்ணி."

"நீங்கள்லாம் என்ன நெனைப்பீங்களோன்னு..."

"என்ன நெனைப்போம்? எங்களை என்னன்னு நெனச்சிட்டு இருந்தீங்க இத்தனை நாளா? அண்ணன் போனப்பறம் நீங்க ஒத்தையா உக்காந்து சாப்பிடறதை நான் மாடியிலேர்ந்து பாக்கலைன்னா நெனச்சீங்க?"

அவ அழுதாம்மா. அழ வேண்டியவ நான், அவ அழுதா. எனக்கு என்ன தோணுச்சின்னா, அப்படின்னா பயப்படாமலே இருந்திருக்கலாமேன்னு தோணுச்சி. அந்த நேரத்துலயும் என்னைப் பத்திதான் தோணுச்சி பாரு.

அந்த ஞாயித்துக்கிழமையே பூங்கோதையும் இனியனும் நீலமேகம் கிட்ட விலாசம் கேட்டு அவர் வீட்டுக்குப் போயிட்டாங்க. என்னைக் கூப்பிடல. இவ போயி கைய எடுத்துக் கும்பிட்டாளாம். அவரு பதறிப் போயி, "நான் சரியாப் பரிமாறலைன்னு புகார் சொல்ல வந்தீங்களோன்னு பயந்துட்டேன்"னாராம். சிரிக்க வெச்சுட்டாரு அவங்களையும். வீட்டுக்குச் சாப்பிட வரணும்னு பூங்கோதை கூப்பிட்டா. வந்தாரு. இஸ்திரி போட்ட வேஷ்டி சட்டை, கையில ஒரு சீப்பு வாழைப்பழம். பூங்கோதை இலை போட்டு, பக்கத்துலயே நின்னு, சாம்பாரா ரசமான்னு கேட்டுக் கேட்டுப் பரிமாறினா. நான் தண்ணி வெச்சேன். "போதும் மேடம்"னாரு.

மேடம்! குமுதவல்லின்னு சொல்ல மாட்டேங்கறாரு.

இப்ப மாசத்துல ரெண்டு ஞாயிறு வர்றாரும்மா. இனியனும் அவரும் கேரம் ஆடறாங்க. புதுப் பொண்ணு அவரை அங்கிள் அங்கிள்னு லைட்ஹவுஸ் கதை கேக்கறா. பூங்கோதை என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அண்ணி, உங்க மனசுல என்ன இருக்குதோ அதைச் செய்யுங்க, நாங்க இருக்கோம்"னு நேராவே சொல்லிட்டா. யாருக்குப் பயந்தேனோ அவங்களே சம்மதம் குடுத்துட்டாங்க. எல்லாருக்கும் வீட்டு மனுஷனா ஆயிட்டாரு. எனக்கு மட்டும் விருந்தாளி.

ஒரு நாள் துணிஞ்சு கேட்டேன், வியாழக்கிழமை வர்றீங்களான்னு. யோசிச்சுதான் சொன்னாரு, "போன வாரம் ஒரு நாள் தனியா போயிப் பாத்தேங்க. எனக்கு அங்க உக்காரத் தோணல. பக்கத்து டேபிள்ல யாராவது தண்ணி கேட்டா எழுந்துடறேன்."

நான் அவர் முன்னாடி இருந்த காலி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

இன்னும் ஒண்ணு இருக்குது. இதை பூங்கோதை கிட்டயும் பேசல, யார் கிட்டயும் பேசல. நீ யாரோ எவரோ, இறங்கிப் போயிடுவ, அதனால சொல்றேன். போன ஞாயிறு அவரு கிளம்பும்போது நானும் பூங்கோதையும் கேட் வரைக்கும் போனோம். எதிர் வீட்டு அம்மா கோலப்பொடி டப்பாவோட நின்னுட்டிருந்தாங்க. "யாருங்க இவரு, அடிக்கடி வர்றாரே?"ன்னு என்னைப் பாத்து கேட்டாங்க. என்னைப் பாத்துதான் கேட்டாங்க. அவரு செருப்புல காலை விட்டவரு அப்படியே நின்னாரு. நான் சொல்றதுக்காக நின்னாரும்மா. எனக்குத் தெரியும். பயப்பட ஒருத்தர் பாக்கி இல்ல, மறைக்க ஒண்ணும் இல்ல. வாயைத் திறந்தா போதும்.

பூங்கோதை ஒரு மூச்சு பொறுத்துப் பாத்தா. அப்பறம் அவளே, "எங்க அண்ணிக்கு வேண்டப்பட்டவரு"ன்னா. எவ்வளவு சுலபமா சொன்னா தெரியுமா? உப்பு இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்ற மாதிரி.

அவரு பூங்கோதையப் பாக்கல. என்னைப் பாத்தாரு. நான் கேட் கொண்டிய மாட்டற மாதிரி குனிஞ்சிட்டேன். நிமிர்ந்தப்ப அவரு தெருமுனையில திரும்பிட்டாரு.

நாலு நாளா தூக்கமில்ல. அதான் வியாழக்கிழமையா இருந்தும் இன்னிக்கு மாபலிபுரம் போகல. திருக்கழுக்குன்றத்துலயே இறங்கப் போறேன். அவரு வீட்டுக்கு நான் ஒரு நாளும் போனதில்ல. சர்ச் தெருன்னு தெரியும், கேட்டுக்கிட்டே போயிடுவேன். என் வீட்டுக்காரரோட பெரியப்பா பையன் குடும்பமே அந்தத் தெருவுலதான் இருக்குது, வாசல்லதான் உக்காந்திருப்பாங்க. இருக்கட்டும். எங்க போறன்னு எவன் கேட்டாலும், எனக்கு வேண்டப்பட்டவரு வீட்டுக்குன்னு சத்தமா சொல்லிடுவேன். தீர்மானமே பண்ணிட்டேன். காலையில குளிக்கும்போது ரெண்டு மூணு தடவை சொல்லிக் கூடப் பாத்தேன்.

மலை தெரியுது பாரு. ஸ்டாப் வந்துடுச்சி. அந்தப் பையை எடுத்துக் குடும்மா. ஒண்ணுமில்ல, தக்காளி சாதம் கொஞ்சம் கட்டி எடுத்துட்டு வந்தேன். நீ மறக்காம அந்தப் பச்சை சாஸ் கேட்டுச் சாப்பிடு. கொஞ்சம் நகர்ந்துக்கோ, இறங்கறேன்.

என்ன கண்டக்டர் தம்பி? ஆமாம்ப்பா, இன்னிக்கு மாபலிபுரம் வரல, இங்கேயே இறங்கிக்கறேன். இங்க யாரு இருக்கான்னா? இங்க யாரும் இல்லப்பா. சும்மாதான். தெரிஞ்சவங்க வீட்ல ஒரு சின்ன வேலை.